ஷாசியா பிடித்த அரை நோன்பு

சிதம்பரம்
24.11.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று மாமனார் என்றும் பாராமல் எங்கத்தாவிடம் கேட்டீர்களாம். எடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் கத்துவீர்கள், மூன்றாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுவேன். அதற்கு எதற்குப் போன்? வாட்ஸப்பில் கோபமாக ஒன்று அனுப்புகிறீர்கள், நான் பார்ப்பதற்குள் அழித்துவிடுகிறீர்கள். அதில் என்ன இருந்ததோ என்று நாளெல்லாம் நான் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது, எழுதினால் எழுதியதுதான். ஜெராக்ஸ் கடையில் ஊரார் மனுவையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறேன். என் மனுவை நானே கையால் எழுதுகிறேன்.

ஷாசியாவைக் காது டாக்டரிடம் காட்டினேன். இங்கே புதுப் பள்ளியில் சுவேதா டீச்சர்தான் சொன்னார், பின்னால் இருந்து கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை, முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் பதில் சொல்கிறாள் என்று. ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு பிள்ளை காத்திருந்தாள், காத்திருந்தாள், அமுக்கவே இல்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருக்கிறதாம். அதனால் இரண்டு காதிலும் ஜவ்வுக்கு உள்ளே நீர் தேங்கிப் பசையாகிவிட்டது. நாம் பேசுவது அவளுக்குத் தண்ணீருக்குள் இருந்து கேட்பது மாதிரி இருக்குமாம். ஒன்றரை, இரண்டு வருடமாகவே இப்படி இருக்கலாம் என்றார். இன்னும் தள்ளிப்போட்டால் பேச்சும் படிப்பும் பின்தங்கிவிடும்.

ஆகவே உங்கள் மகள் திமிர் பிடித்தவள் இல்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் நீங்கள் மூன்று முறை கூப்பிட்டும் அவள் திரும்பாததற்குக் காரணம் இதுதான். நாலாவது முறை நீங்கள் கூப்பிடவில்லை, அறைந்தீர்கள். "கேக்காத மாதிரி நடிக்கிறா, உன்ன மாதிரியே" என்றீர்கள். அன்றைக்கு நான் பெட்டியைக் கட்டியது சரிதான் என்று இன்றும் சொல்வேன்.

ஆபரேஷன் செய்ய வேண்டும். கடலூரில் செய்கிறார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். சதையை எடுத்துவிட்டு, காது ஜவ்வில் அரிசி அளவு டியூப் வைப்பார்கள். இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்.

எனக்கு ஒரே நிபந்தனை. பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது. போன வருடம் இரத்தப் பரிசோதனைக்கு "ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்" என்று சொல்லித் தூக்கிப்போனீர்களே, அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டால் என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறாள். ஐஸ்கிரீமும் சாப்பிடுவதில்லை.

முபீனா

---

கடலூர்
28.11.2025

முபீனாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உன் கடிதம் வந்தபோது பட்டறையில் அலுமினியம் அறுத்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். படித்து முடித்த பிறகு மறுபடி போட மனம் வரவில்லை. கூட வேலை செய்கிற ராஜவேல், கரண்ட் போய்விட்டதா அண்ணே என்று கேட்டான்.

மைதானத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு நான் என்ன பதில் எழுதினாலும் நன்றாக இருக்காது. அதனால் எழுதவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே.

ஆனால் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறாயே, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கே பயமாக இருக்கிறது, அவளுக்கு எப்படி இருக்கும்? கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிவருவோம். போகிற வழியில் ஒரு டாக்டரைப் பார்ப்போம். மயக்க மருந்து கொடுத்தால் அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எழுந்ததும் சில்வர் பீச்சுக்கு நிஜமாகவே கூட்டிப்போய்விடுகிறேன், அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?

எனக்கு சுன்னத் பண்ணிய அன்றைக்கு மாலை போட்டு, குதிரையில் ஏற்றி, தெருவெல்லாம் சுற்றிவந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று ஒருத்தரும் மூச்சு விடவில்லை. கடைசி நிமிடம் வரை ராஜா மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்ன கெட்டுப்போய்விட்டது?

கையெழுத்துக்கு எந்த நாள் என்று எழுது, வருகிறேன். நேரில் உன்னிடம் பேச மாட்டேன், பயப்படாதே.

ஹுமாயூன்

---

சிதம்பரம்
3.12.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என்ன கெட்டுப்போய்விட்டது என்று கேட்கிறீர்கள். போன வருடம் பீச்சில் குதிரைக்காரன் பக்கத்தில் வந்ததும் ஷாசியாவைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினீர்களே, அந்த மனிதருக்கு வயது முப்பத்தெட்டு. குதிரையைக் கண்டால் இன்னமும் தொடை நடுங்குகிறது என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். ராஜா மாதிரி சிரித்தவர் இவர்தான்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். ஷாசியாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, பொம்மையின் காதில் வெல்லம் அடைத்து, ஊக்கால் எடுத்துக் காட்டினேன். கத்தி என்று சொல்லவில்லை, ஆபரேஷன் என்று சொன்னேன். மூக்கில் ஒரு முகமூடி வைப்பார்கள், அதில் ஸ்ட்ராபெரி வாசம் வரும், தூங்கிவிடுவாய் என்றேன். அவள் என் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இந்தப் பிள்ளை நம் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் அழவில்லை. மூன்றே கேள்விதான் கேட்டாள். வலிக்குமா என்றாள். எழுந்த பிறகு தொண்டையும் மூக்கும் கொஞ்சம் வலிக்கும், மருந்து கொடுப்பார்கள் என்றேன். நீங்க பக்கத்துல இருப்பீங்களா என்றாள். இருப்பேன் என்றேன். மூன்றாவதாக, "அத்தாவும் இருப்பாங்களா?" என்றாள்.

பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேனே, அதனால் தெரியாது என்றேன். அத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்கிறேன் என்றேன். ஆகவே பதில் எழுதுங்கள். இருப்பீர்களா, மாட்டீர்களா?

முபீனா

---

கடலூர்
8.12.2025

முபீனாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். இருப்பேன். அவளிடம் இதைப் படித்துக் காட்டு. இருப்பேன்.

சனிக்கிழமை புவனகிரி வரை வந்தேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஜன்னல் மாட்டுகிற வேலை. அங்கிருந்து சிதம்பரம் அரை மணி நேரம்கூட இல்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். நீ வரச் சொல்லவில்லை, அதனால் திரும்பிவிட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்பதையும் எழுதிவைக்கிறேன், இதையும் அழிக்க முடியாது. உங்கத்தா சொன்ன நாளில் கையெழுத்துப் போட வந்தேனே, அன்றைக்கு டாக்டரிடம் நீ சொன்னதைக் கேட்டேன், பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. சொன்னால் நான் கத்துவேன் என்று ஆறு மாதம் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாய். அதுவும் தப்புதான்.

குதிரை விஷயத்தில் நீ ஜெயித்தாய். போகட்டும்.

ஆபரேஷன் அன்றைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று டாக்டர் கையெழுத்து வாங்கியபோது சொன்னார். பசியில் பிள்ளை அடம் பிடிப்பாளே என்று எனக்குக் கவலை. ஒரு யோசனை. போன ரமலானில் நானும் நோன்பு பிடிக்கிறேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதும், மதியம் வரைக்கும் அரை நோன்பு பிடித்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் ஒரு நோன்பு என்று சொல்லிப்பார். இது பொய் இல்லை என்று நினைக்கிறேன். நீ சொன்னால் விட்டுவிடுகிறேன்.

ஹுமாயூன்

---

சிதம்பரம்
22.12.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களிடமிருந்து நல்ல யோசனை ஒன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நோன்பு என்று சொன்னதும் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு நாளாக விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பயத்தைவிடப் பெருமை ஜாஸ்தியாக இருக்கிறது.

29ஆம் தேதி திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இங்கிருந்து விடியற்காலையில் குளிரில் பிள்ளையை பஸ்ஸில் கொண்டுவந்தால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் செய்ய மாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கத்தா அவளை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவார். நான் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அந்த வீட்டில் தங்க எனக்கு மனம் இல்லை.

அவளுக்கு முழுக்கைச் சட்டை போடாதீர்கள், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள். கம்மலைக் கழற்றிவிடுங்கள். பொம்மை கூட இருக்கட்டும். காலையில் எழுந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், நோன்பு என்றால் அவளே கேட்க மாட்டாள். டெஸ்ட் எடுத்த பைலும் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளும் என்னிடம் இருக்கின்றன, நான் கொண்டுவருகிறேன்.

அவளிடம் கத்தாதீர்கள். கேட்காவிட்டால் முன்னால் போய் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

முபீனா

---

சிதம்பரம்
30.12.2025

மச்சானுக்கு,

ஸலாம்.

இரண்டு முட்டை, நாலு ரஸ்க், ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். நாலரை மணிக்கு எழுப்பி ஊட்டியிருக்கிறீர்கள். எட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிற பிள்ளைக்கு.

நர்ஸ் வெளியே வந்து இன்றைக்கு முடியாது என்று சொன்னபோது எனக்கு எதுவும் விளங்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு பிள்ளை வெளியே வந்து, "அம்மா, என் நோம்பு செல்லாதா?" என்று கேட்டாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையேதான் கேட்டாள். தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்கிறாள்.

அடுத்த தேதி ஜனவரி 31. அதற்கு இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் அவள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இந்த முறை எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

முபீனா

---

கடலூர்
4.1.2026

முபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு அதையே மறுபடி எழுதினால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

நான் அவளை எழுப்பவில்லை, அவள்தான் என்னை எழுப்பினாள். நாலரை மணிக்கு மார்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அத்தா, நோம்புன்னா சஹர் வைக்கணும்ல, நேரம் முடிஞ்சிடப்போவுது" என்றாள். ரமலானில் விடியுமுன் நாமெல்லாம் எழுந்து சாப்பிடுவதைப் போன வருடம் பார்த்திருக்கிறாள் அல்லவா? எனக்கு அது கொஞ்சமும் தப்பாகத் தோன்றவில்லை. நோன்பு என்றால் சஹர் உண்டு, சாப்பிட்டுவிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத் வைத்தால் அதற்குப் பிறகு வெறும் வயிறு. சின்ன வயதிலிருந்தே என் உடம்புக்கு வெறும் வயிறு என்றால் அதுதான். மூன்று மாதம் கழித்துப் பிள்ளை என் கையால் சாப்பிடுகிறாள் என்று நான் இன்னும் ஒரு ரஸ்க் அதிகமாகவே கொடுத்தேன். பிறகு இரண்டு பேரும் நிய்யத் சொன்னோம். நானும் அன்றைக்கு நோன்பு.

இனி உனக்குத் தெரியாதது. நீ கீழே கவுண்டரில் பைலோடு நின்றிருந்தாய். மயக்க மருந்து டாக்டர் ஒரு அம்மா, எங்களை உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்து, "பாப்பா கடைசியா எப்ப சாப்ட்டா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ பிசகு நடந்திருக்கிறது என்று. சாப்பிட்டாள் என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள், நீ என்னைச் சும்மா விட மாட்டாய், பிள்ளை இத்தனை தைரியமாக வந்திருக்கிறாள், எல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது. "நேத்து ராத்திரி" என்று சொல்ல வாயைத் திறந்தேன் முபீனா. "நேத்து" என்று சொல்லியும் விட்டேன்.

ஷாசியா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை அதிலிருந்தே பிடித்திருக்கிறாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. "நான் சஹர் சாப்ட்டேனே, ரெண்டு முட்ட, அத்தா ஊட்டுனாங்க" என்றாள், பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், பெரியவர்களே தாங்க மாட்டார்கள் என்றார். "பாப்பா சொன்னா, தப்பிச்சோம். நீங்க என்ன சார் சொல்ல வந்தீங்க?" என்று கேட்டார். அதனால்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐஸ்கிரீம் என்று சொன்ன அதே வாய்தான். நீ அவளிடம் உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்காவிட்டால் அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். அல்லாஹ் காப்பாற்றினான், உன் பிடிவாதத்தை வைத்துக் காப்பாற்றினான். ஆறு நாளாகச் சோறு இறங்கவில்லை. இதை உன்னிடம் மறைத்திருக்கலாம், உனக்குத் தெரிய வழியே இல்லை. மறைக்கக்கூடாது என்று தோன்றியது.

ஹுமாயூன்

---

சிதம்பரம்
12.1.2026

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். முதல் நாள் படித்துவிட்டு மடித்துத் துணிக்கு அடியில் செருகிவைத்தேன். இரண்டாவது நாள் உங்களை என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்தேன். மூன்றாவது நாள் வேறொன்று ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல் உணவு கூடாது, விடியற்காலை ஐந்து மணி வரை தண்ணீர் மட்டும் இரண்டு வாய் என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் உங்களுக்கு என்ன எழுதினேன்? காலையில் எழுந்ததிலிருந்து எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். ஊரார் மனுவில் ஒரு தேதி தவறினால் நான் மறுபடி டைப் அடித்துக் கொடுப்பேன், என் பிள்ளைக்கு எழுதும்போது அவசரத்தில் எழுதிவிட்டேன். தாளையும் நானே வைத்துக்கொண்டேன், உங்களை நம்பவில்லை. இது அத்தனையும் உங்கள் கையில் எழுத்தாக இருக்கிறது. நீங்கள் சுட்டிக்காட்டவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

நீங்கள் டாக்டரிடம் சொல்ல வந்ததை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் நீங்களே சொன்னீர்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

31ஆம் தேதிக்கு நீங்கள் வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் வீட்டுக்கு வருகிறோம். உங்களுக்காக இல்லை, இந்த முறை பத்து மணிக்கு ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை. பிள்ளை இப்போது பயப்படுகிறாள். தன் நோன்பு செல்லவில்லை, அதனால்தான் டாக்டர் கோபப்பட்டார் என்கிறாள். நான் சொன்னால் கேட்கவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுத்துக் கூட்டி அவளே படித்துக்கொள்வாள்.

முபீனா

---

கடலூர்
19.1.2026

முபீனாவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். வெள்ளிக்கிழமை அடுப்படியைப் பூட்டிச் சாவியை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். தாளின் ஜெராக்ஸ் ஒன்று அனுப்பு. உன் கடையில்தானே எடுக்கப்போகிறாய்.

பிள்ளைக்கு எழுதியது கீழே இருக்கிறது. ஏழு தாள் கிழித்துப்போட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியபோதுகூட இவ்வளவு கிழிக்கவில்லை. ஏதாவது தப்பாக இருந்தால் காட்டாதே, எனக்குத் திருப்பி அனுப்பு.

ஹுமாயூன்

ஷாசியாவுக்கு அத்தா எழுதுவது. உன் நோன்பு செல்லும். டாக்டர் உன் மேல் கோபப்படவில்லை. நீ உண்மையைச் சொன்னாய். அதனால் நீ தப்பித்தாய். தப்பு அத்தாவுடையது. ஆபரேஷன் நோன்புக்குச் சஹர் கிடையாது, அது அத்தாவுக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

மைதானத்தில் அத்தா உன்னை அடித்தேன். உனக்குக் காது கேட்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் அடித்திருக்கக்கூடாது. அதுவும் என் தப்பு.

31ஆம் தேதி உனக்கு ஆபரேஷன். தூங்கி எழுந்த பிறகு தொண்டை வலிக்கும். அப்போது அத்தா அங்கே இருப்பேன். நீ எதுவும் சாப்பிடாத வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்.

---

சிதம்பரம்
11.2.2026

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை டாக்டரிடம் காட்டினேன். டியூப் இரண்டும் சரியாக இருக்கின்றன. குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். உங்களிடம் சொல்லாமல் விட்டவை சில இருக்கின்றன, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று நர்ஸ் சொன்னபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். பிள்ளை உங்கள் விரலைப் பிடித்தாள். எனக்குச் சுருக்கென்றது, அதை மறைக்க மாட்டேன். முகமூடி வைத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவளிடம் பிறகு கேட்டேன். "அத்தாவும் பயந்துட்டுதான் இருந்தாங்க. எனக்கும் பயமா இருக்குன்னு சொன்னாங்க, நானும் ஆமான்னேன்" என்றாள். அவளிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசி நான் பார்த்ததில்லை.

அவள் கண் விழித்ததும் நீங்கள் உங்கள் வழக்கப்படி "ஷாசியா" என்று கூப்பிட்டீர்கள். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஏன்த்தா கத்துறீங்க, கேக்குது" என்றாள். நீங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதீர்கள். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். பாட்டில் இல்லாமல் திரும்பி வந்ததையும் கவனித்தேன். இரண்டு மணிக்கு அவள் இரண்டு வாய் இளநீர் குடித்த பிறகுதான் நீங்கள் பச்சைத் தண்ணீர் குடித்தீர்கள்.

இங்கே வந்ததிலிருந்து பிள்ளை வீட்டைப் புதிதாகப் பார்த்தவள் மாதிரி திரிகிறாள். ஃபேன் சத்தம் போடுகிறது என்கிறாள். நான் பேப்பரைத் திருப்பினால் கேட்கிறதாம். விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு பாங்கு சொன்னதைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்க்கிறாள்.

நேற்று எங்கத்தா யாருடனோ போனில் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நம்ம வீட்டுல நீங்களும் அத்தாவும் இவ்ளோ சத்தமாவா பேசுவீங்க? எனக்குக் கொஞ்சமாத்தான் கேக்கும்." நீங்களும் அத்தாவும் என்றாள் மச்சான். நான் இத்தனை நாள் கத்துகிறவர் நீங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், உங்களுக்கும் அப்படியேதான் எழுதினேன்.

பொய் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தானே, ஆமாம் என்றேன்.

"இனிமேயுமா?" என்று கேட்டாள்.

அதற்கு என்னால் தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அத்தாவையும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ரமலானுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இந்த வருடம் முழு நோன்பு பிடிப்பேன், அத்தாதான் சஹருக்கு ஊட்ட வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேரும் பெட்டியோடு வருகிறோம். வந்ததும் அவள் முதலில் கேட்கப்போவது அந்தக் கேள்வியைத்தான். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்களும் அதற்குள் ஒரு பதில் யோசித்துவையுங்கள். பொய்யாகப் போய்விடாத பதிலாக இருக்கட்டும்.

முபீனா